கம்பியைத் திருப்பி மாட்டியவள்

அவள் இடது கைக்காரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற வம்பெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

பென்னலூரில் எங்கள் வீட்டு மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஓர் அறை இருக்கிறது. தெற்கேயிருந்து கம்பெனி வேலைக்கு வரும் பெண்களுக்கு வாடகைக்கு விடுவோம். அவள் திருச்செந்தூர்ப் பக்கம். நானும் அவளும் ஒரே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி, ஒரே லைன். அவள் ஸ்க்ரூ போடுகிற இடம், நான் துடைக்கிற இடம். இரண்டு பேருமே ஏஜென்சி மூலம் எடுத்த ஒப்பந்த ஆட்கள். அவள் பெயரை யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லைனில் அவள் 'லெஃப்டு'. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

ஒரு வார்த்தை அவளுக்கு ஆகாது. 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.' இந்தப் பக்கத்தில் அதைச் சொல்லாமல் ஒரு ஷிப்டு ஓடாது. பஸ்ஸில் இடமில்லை, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. கேன்டீன் சோறு வேகவில்லை, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது மரத்துவிட்டது. அவளுக்கு மரக்கவில்லை. "நான் ஏன்க்கா மாறணும்? அத மாத்தச் சொல்லுங்க" என்பாள். குரல் உயராது. கோபமும் இருக்காது. கோபப்படுவதெல்லாம் நான்தான். அவள் சொல்லிவிட்டு அதே இடத்தில் நிற்பாள், அவ்வளவுதான். கத்துகிறவளை அதட்டி உட்கார வைக்கலாம். நிற்கிறவளை என்ன செய்வது?

லைனில் மின்சார ஸ்க்ரூ டிரைவர் மேலே கொக்கியில் மாட்டிய ஒரு ஸ்பிரிங்கில் தொங்கும். வலது பக்கம் தொங்கும். எல்லாருக்கும் வலது கைதானே. வந்த புதிதில் அவள் இடது கையைக் குறுக்கே நீட்டி அதை இழுத்து இழுத்து வேலை செய்தாள். தோள் வலித்தது, லைனில் வரும் சர்க்யூட் பலகைகள் தேங்கின. கொக்கியை இடது பக்கம் மாற்றித் தரச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேட்டாள். அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். மறுநாள் டீ இடைவேளையில் ஸ்டூல் போட்டு ஏறி அவளே கொக்கியைக் கழற்றி இடது பக்கம் மாட்டிவிட்டாள். சூப்பர்வைசர் குதித்தார். அவள் உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். அதன் பிறகு அவள் இடத்தில் பலகை தேங்கவில்லை. கொக்கியும் அங்கேயே இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

என் மாமியார் ஒருநாள் அவள் கொண்டுவந்த மீன் குழம்பைக் கையில் வாங்கவில்லை. இடது கையால் நீட்டினாள், அதனால்.

"பீச்சாங்கையில குடுக்கிறியே, இன்னா பொண்ணு நீ?"

"எனக்கு பீச்சாங்கை இதுதான் அத்தை" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "இதுலதான் நான் கழுவுவேன். இதுல குடுத்தா வாங்கிக்கிடுவீங்களா?"

மாமியார் யோசித்துப் பார்த்துவிட்டு இடது கையிலிருந்தே வாங்கிக்கொண்டார். குழம்பு நன்றாக இருந்தது என்பதும் ஒரு காரணம்.

இப்படிப்பட்டவள் கிதார் வாங்கப் போகிறேன் என்றாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஷிப்டு முடிந்து வந்து படுத்தால் தலைக்கு மேலே டொய்ங் டொய்ங் என்று கேட்கப் போகிறது. எதற்கு என்று கேட்டேன்.

ஊரில் சர்ச் பாட்டுக் குழுவில் பிள்ளைகளுக்கு கிதார் சொல்லித் தந்தார்களாம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இவளும் போய் உட்கார்ந்திருக்கிறாள். கையில் கொடுத்த கிதாரை மாற்றிப் பிடித்திருக்கிறாள். "வலது கையில வாசிக்கிறதா இருந்தா இரு, இல்லன்னா எந்திரி" என்றிருக்கிறார் சொல்லித் தந்தவர். எழுந்து வந்துவிட்டாள்.

"எந்திரிச்சது சரிதான்க்கா. அதோட கிதார விட்டேன்ல்லா, அதுதான் பொறுக்கல. ஒரே ஒரு பாட்டு. மொதல்ல இருந்து கடைசி வரைக்கும். என் கையில. அவ்வளவுதான்."

காஞ்சிபுரத்தில் ஒரு கடைக்குப் போனோம். துணைக்கு என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் அவரும் இந்த ஊர்க்காரர்.

"லெஃப்ட் ஹேண்ட் கிதார்னா ஆர்டர் போடணும்மா. வெல ஒண்ணுக்கு ரெண்டா வரும். புதுசா கத்துக்கிறவங்களுக்கு ரெண்டு கையும் ஒண்ணுதான். ரைட்லயே அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வரப்போவது தெரியும்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதக் காட்டுங்கண்ணே" என்றாள்.

சில கிதார்களில் கழுத்துக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் உடம்பை வெட்டி வளைத்திருப்பார்கள், விரல் உள்ளே போவதற்காக. அதைத் திருப்பிப் பிடித்தால் வெட்டு தப்பான பக்கம் வந்துவிடும். வெட்டு இல்லாததை வாங்கிக் கம்பிகளைத் தலைகீழாக மாற்றிக்கொண்டால் இடது கைக்கு ஆகிவிடும். இதையெல்லாம் போனில் வீடியோ பார்த்துத் தெரிந்து வைத்திருந்தாள். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த வரிசை அது. அதில் ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தைக் கண்ணுக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்த்தாள். கழுத்து வளைந்திருந்தால் ஒதுக்கினாள். காதை அடியில் வைத்து, தட்டினால் ஏதாவது கடகடக்கிறதா என்று கேட்டாள். கடகடத்ததை ஒதுக்கினாள். ஒதுக்கியது ஒரு குவியலாகச் சேர்ந்தது.

"இன்னாமா, மாப்பிள்ள பாக்கிற மாதிரி பாக்கிற" என்றார் கடைக்காரர்.

"மாப்பிள்ளைய இவ்வளவு பாக்க விடமாட்டாங்கண்ணே."

அவர் சிரித்துவிட்டார். அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை அவரே எடுத்துக் கொடுத்தார். பளபளப்பு குறைச்சல். ஓரத்தில் ஒரு கீறல். கழுத்து நேராக இருந்தது. அதை எடுத்துக்கொண்டாள். கூடவே ஒரு செட் புதுக் கம்பி. வரும்போது பஸ்ஸில் அதை மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு வாலாஜாபாத்தில் ஏறிய எல்லாரிடமும் திட்டு வாங்கினோம்.

அன்று மதியமே கம்பி மாற்ற உட்கார்ந்தாள். பழையதைக் கழற்றி, தடித்த கம்பி இருந்த பக்கம் மெல்லியதையும், மெல்லியது இருந்த பக்கம் தடித்ததையும் போட்டாள். தலையில் உள்ள திருகைத் திருப்பித் திருப்பிக் கம்பியை இறுக்க வேண்டும். திருப்பிக்கொண்டே இருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கே பயமாக இருந்தது.

"போதும்டி, இன்னும் எவ்ளோதான் திருப்பிகினு இருப்ப?"

"இன்னும் டிக் வரலக்கா."

பட்டென்று கம்பி அறுந்து அவள் கன்னத்தில் அடித்தது. சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

எங்கள் லைனில் ஸ்க்ரூ டிரைவர் தேவையான அளவு முறுக்கியதும் தானாக 'டிக்' என்று விடும். டிக் வரும்வரை அழுத்து, டிக் வந்தால் எடு. நாளெல்லாம் அதுதான். கிதார் திருகு டிக் அடிக்கும் என்று காத்திருந்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான் இருப்பாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு போனில் சுருதி காட்டும் ஒரு ஆப்பை வைத்து, அதில் முள் நடுவுக்கு வரும்வரை மட்டும் திருப்பக் கற்றுக்கொண்டாள். அறுந்த கம்பிக்கு மறுபடி காஞ்சிபுரம் போக வேண்டி வந்தது. துணைக்கு நான் போகவில்லை.

கம்பி மாட்டியும் கிதார் சரியாகப் பேசவில்லை. கழுத்தின் உச்சியில் கம்பிகள் பதிந்து உட்கார ஒரு சின்ன வெள்ளைத் துண்டு இருக்கும். தடித்த கம்பிக்கு அகலமான பள்ளம், மெல்லியதற்குச் சின்னப் பள்ளம். இப்போது இடம் மாறியதால் தடித்தது பள்ளத்தில் இறங்காமல் மேலே நின்றது. மெல்லியது அகலமான பள்ளத்தில் ஆடி இரைந்தது. அவள் என் வீட்டுக்காரரின் சுத்தியலை வாங்கிப்போய், ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்து, பக்கவாட்டில் மெதுவாகத் தட்டினாள். பசை விட்டு அந்த வெள்ளைத் துண்டு கையோடு வந்தது. அதைத் திருப்பி வைத்து ஒட்டினாள். இப்போது பள்ளமும் கம்பியும் பொருந்தின.

அடுத்து, கம்பிகள் கழுத்திலிருந்து ரொம்ப உயரமாக இருந்தன. விலை குறைந்த கிதாரில் அப்படித்தான் வருமாம். அழுத்தினால் விரல் வெட்டும். மறுமுனையில் கம்பிகள் ஏறி நிற்கும் இன்னொரு வெள்ளைத் துண்டை உருவி, தரையில் உப்புத்தாளை விரித்து அதன் அடிப்பக்கத்தைத் தேய்த்தாள். கொஞ்சம் தேய்ப்பாள், மாட்டிப் பார்ப்பாள், மறுபடி கழற்றுவாள். ஒருமுறை அதிகமாகத் தேய்த்துவிட்டாள். கம்பி இறங்கி ஈ மொய்த்த மாதிரி இரைந்தது. பால் கவரில் ஒரு கீற்று வெட்டி அடியில் கொடுத்தாள். இரைச்சல் நின்றது.

இதெல்லாம் முடிகிறவரை அவள் ஒரு பாட்டும் வாசிக்கவில்லை. "மொதல்ல அது எனக்கு சரியா இருக்கட்டும். பொறவு நான் அதுக்கு சரியா இருக்கேன்" என்றாள்.

பிறகு வாசிக்கத் தொடங்கினாள். போனில் சொல்லித் தருகிறவர் வலது கைக்காரர். அது கஷ்டமில்லையா என்று கேட்டேன். "கண்ணாடியப் பாக்கிற மாதிரிதான்க்கா இருக்கு. எனக்குத்தான் சுளுவு" என்றாள். எல்லாரும் இடது கை விரல்களால் கம்பியை அழுத்தி வலது கையால் மீட்டுவார்கள். அவள் வலது கை விரல்களால் அழுத்தி இடது கையால் மீட்டினாள். தினமும் மதியம் மேலே டொய்ங் டொய்ங். நான் போர்வையை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு படுத்தேன்.

அழுத்தி அழுத்தி வலது கை விரல் நுனிகள் சிவந்தன, கொப்பளித்தன, உரிந்தன, கடைசியில் காய்த்துப்போயின. வினை அங்கேதான் தொடங்கியது.

கம்பெனி கேட்டில் ஒரு மெஷின் இருக்கும். வலது ஆள்காட்டி விரலை அதில் வைத்தால் பச்சை விளக்கு எரியும், உள்ளே போகலாம். அதற்கு பஞ்ச் வைப்பது என்று பெயர். அவள் விரல் காய்த்ததும் மெஷினுக்கு அவளைத் தெரியவில்லை. சிவப்பு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. பின்னால் வரிசை நின்றது.

"நெத்தியில தேச்சினு வையிம்மா, எண்ணெய் பட்டா எடுத்துக்கும்" என்றார் செக்யூரிட்டி.

"என் விரல் நல்லாத்தாண்ணே இருக்கு. மெஷினுக்குத்தான் தெரியல."

"மெஷின் கிட்ட போயி சண்ட போடுவியா? சீக்கிரம்மா, பின்னால ஆள் நிக்குது."

அவரே ஒரு தாளில் பெயரை எழுதிக்கொண்டு உள்ளே விட்டார். ஆனால் ஏஜென்சிக்காரனுக்குத் தாள் கணக்கில்லை. பஞ்ச் இல்லையென்றால் அந்த ஷிப்டு இல்லை. வேலை செய்தாலும் இல்லை. அந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். பஞ்ச் விட்டுப்போனவர்கள் பெயர்தான் முதலில் கழிக்கப்படும் என்று எல்லாருக்கும் தெரியும்.

சூப்பர்வைசர் அவள் இடத்துக்கே வந்தார்.

"இங்க பாரு லெஃப்டு. ரினியூவல் வருது. அந்தக் கிதார கொஞ்ச நாள் தூக்கிப் போடு. தோல் சரியாயிடும், பஞ்சும் விழும். அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"வேற விரல் பதிஞ்சு குடுத்தா போதும் சார். இடது கையில காய்ப்பே இல்ல."

"எல்லாருக்கும் வலது ஆள்காட்டி விரல்தான். ரூல்."

"அந்த ரூல் போட்டவங்க எங்க இருக்காங்க சார்?"

"ஏன், போயி கேக்கப் போறியா?"

"ஆமா சார்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவள் அன்றைக்கே போனாள். கேட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறைதான் ஏஜென்சி ஆபீஸ். உள்ளே ஒரு பையன், கழுத்தில் அட்டை மாட்டியவன். முடியாது என்றான். மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு அந்தக் கதவுக்கு முன்னால் நிற்பாள். அவன் போனைப் பார்ப்பான். அவள் அவனைப் பார்ப்பாள். பிறகு ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து மேலே ஏறி கிதாரை எடுப்பாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. படியில் நின்று கத்தினேன். "உனக்கு இன்னாடி வேணும்? வேலையா, டொய்ங் டொய்ங்கா?"

"ரெண்டும்க்கா."

"ரெண்டும் ஒண்ணா வராது."

"ஏன் வராது?"

 கீழே இறங்கி வந்துவிட்டேன். பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறையாக விளக்கினேன்.

ஒருநாள் காலையில் கேட் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றாள். நான் என் விரலை நெற்றியில் அழுத்தித் தேய்த்துவிட்டு மெஷினில் வைத்தேன். சிவப்பு. மூக்கோரத்தில் தேய்த்து வைத்தேன். சிவப்பு. மறுபடி நெற்றி. பச்சை.

"என்னக்கா செய்யுதீங்க?"

"இன்னா செய்வாங்க, எண்ணெய் எடுக்கிறேன்."

துடைக்கிற இடத்தில் நாளெல்லாம் ஸ்பிரிட்டில் துணியை நனைத்துப் பலகைகளைத் துடைக்கிறோம். விரலுக்கு ரப்பர் உறை தருவார்கள், அது அரை மணியில் கிழியும். ஸ்பிரிட் தோலைத் தின்றுவிடும். என் விரலில் ரேகையே இல்லை, கண்ணாடி மாதிரி இருக்கும். துடைக்கிற பெண்கள் எல்லாருக்கும் அப்படித்தான். எல்லாரும் நெற்றியில் தேய்ப்போம். சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது. எடுக்காத நாள் போனது போனதுதான். அதை ஒரு குறையாகக்கூட நாங்கள் பேசிக்கொண்டதில்லை. தலைக்கு எண்ணெய் வைக்காமல் வந்தால் "இன்னாடி, பஞ்ச் வைக்க வேணாமா" என்று ஒருத்தியை ஒருத்தி கேலி செய்வோம். கேலி செய்துகொண்டே இருந்தோம், வருஷக்கணக்காக.

அவள் என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். 

அன்று ஷிப்டு முடிந்து அவளோடு நானும் அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் போனேன். அவளை இழுத்துக்கொண்டு வரலாம் என்றுதான் போனேன். அந்தப் பையன் அவளைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"சரிம்மா. தாங்க முடியல. உனக்கு மட்டும் இடது கட்டை விரல் பதிஞ்சு தரேன். ஸ்பெஷலா. வெளிய சொல்லாத."

முடிந்தது என்று நினைத்தேன். வேலையும் இருக்கும், கிதாரும் இருக்கும். வேறு யாராவது என்றால் கும்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

"எனக்கு மட்டும் வேண்டாம் சார்" என்றாள்.

"ஏன்மா?"

"எனக்கு மட்டும் செஞ்சா அது அட்ஜஸ்ட் பண்ணிக்கிறதுதான சார். துடைக்கிற அக்காமாருக்கும் பஞ்ச் விழல. எல்லாருக்கும் எந்த விரல் எடுக்குதோ அதப் பதிஞ்சு குடுங்க."

"அவங்க யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணலையே."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, கண்ணைக் காட்டவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். எனக்கு மண்டைக்கு ஏறியது. அவள் மேலா, அவன் மேலா, நெற்றியில் தேய்த்த அத்தனை காலையின் மேலா, தெரியவில்லை. உள்ளே போய் அவன் மேஜை மேல் கையை விரித்து வைத்தேன்.

"பண்றேன். இதோ பண்றேன். பாரு, ரேகை எங்க கீது? உன் கம்பெனி ஸ்பிரிட்டுதான் தின்னுச்சி. நாளைக்கு எல்லாத்தையும் கூட்டினு வரேன், ஒவ்வொரு விரலா பாரு."

மறுநாள் காலையில் துடைக்கிற பெண்கள் ஒருத்திகூட நெற்றியில் தேய்க்கவில்லை. விரலை அப்படியே வைத்தோம். சிவப்பு. அடுத்தவள். சிவப்பு. அடுத்தவள். வரிசை ரோடு வரை போனது. லைன் தொடங்கவில்லை. சூப்பர்வைசர் ஓடி வந்தார், ஏஜென்சிப் பையன் ஓடி வந்தான், மேலே யாருக்கோ போன் போட்டார்கள். மதியத்துக்குள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டிலேயே மேஜை போட்டு ஒவ்வொருத்தியாக உட்கார வைத்து வேறு விரல் பதிந்தார்கள். அவளுக்கு இடது கட்டை விரல். எனக்கும் அதுதான் எடுத்தது.

மாதக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பித்தார்கள். என் பெயர் இருந்தது. துடைக்கிற எல்லார் பெயரும் இருந்தது. அவள் பெயர் இல்லை.

காரணம் சொல்ல மாட்டார்கள். சொல்லவும் வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். நான் லைனில் நின்று சூப்பர்வைசரை வாய்க்கு வந்தபடி கேட்டேன். "மேலேருந்து வந்ததும்மா, நான் இன்னா பண்ண" என்றார். அவள் தொங்கிக்கொண்டிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கடைசியாக ஒருமுறை இழுத்து விட்டாள். அது இடது பக்கம் மேலே போய் நின்றது.

"இன்னாடி கெடச்சிது உனக்கு?" என்றேன் வீட்டுக்கு வந்து. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைத் திட்டாக மாற்றினேன். "பேசாம ஸ்பெஷலா பதிஞ்சினு போயிருந்தா இன்னா?"

"அப்ப வேலை மட்டும்தான் இருந்திருக்கும்" என்றாள். துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

கிளம்புகிற அன்று மதியம் மேலே கிதார் கேட்டது. எப்போதும் நடுவில் ஓர் இடத்தில் தடுக்கும், நிற்கும், முதலிலிருந்து தொடங்கும். கேட்டுக் கேட்டு அந்தத் தடுக்கும் இடம் எனக்கு மனப்பாடம். அன்றைக்கு அந்த இடம் வந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். தடுக்கவில்லை. தாண்டிப் போனது. மெதுவாக, எதையும் அவசரப்படுத்தாமல், கடைசி வரை போய் நின்றது.

என் மாமியார் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி மாடிப் பக்கம் பார்த்தார்.

"முடிச்சிட்டாளா?"

"முடிச்சிட்டா."

சாயங்காலம் கிதாரை முதுகில் மாட்டிக்கொண்டு சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஏறினாள். ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனாள். நான் இன்றைக்கும் அதே கேட்டில் இடது கட்டை விரலைத்தான் வைக்கிறேன். யாரும் நெற்றியில் தேய்ப்பதில்லை. புதிதாக வருகிற பெண்களிடம், அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தோம் என்று சொன்னால் நம்புவதில்லை.

போன வாரம் அவள் போன் செய்தாள்.

"எக்கா, இங்க மெஷின்ல விரலெல்லாம் கெடையாது. மொகத்தப் பாத்துதான் கதவு தொறக்குது."

"உன் மொகத்த எடுக்குதா?"

"கண்ணாடி போட்டா எடுக்கல. எனக்கு இப்ப கண்ணாடி போட்டாத்தான் ஸ்க்ரூ தெரியுது."

"கழட்டிட்டு நில்லுன்னு சொல்லுவானுங்களே."

"சொன்னாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"இப்ப அவங்க ஆபீஸ் வாசல்லதான்க்கா நிக்கேன்."